அடுப்புக்குள் ஓடிய எல்லை

ரொட்டிக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் அடுப்பின் இரும்புக் கதவைத் திறப்பதற்கு முன் அவர் முகம் கழுவுவார். தலைக்கு எண்ணெய் தடவி, வகிடு எடுத்து வாரிக்கொள்வார். மாவு படிந்த பனியனின்மேல் துவைத்த சட்டை ஒன்றை மாட்டி, கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொள்வார். பெண் பார்க்கப் புறப்பட்டவரைப்போல இத்தனை அலங்காரமும் முடிந்த பிறகுதான் குனிந்து கதவைத் திறப்பார். திறந்து ஒரு கணம் உள்ளே பார்ப்பார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலையைத் தொடங்குவார்.

நெருப்புக்கு முன்னால் நிற்பவருக்கு அலங்காரம் எதற்கு என்று புதியவர்கள் கேட்பதுண்டு. அவருடைய அடுப்புக்கு இரண்டு வாய்கள் இருந்தன என்பது அவர்களுக்குத் தெரியாது. இந்த வாயை அவர் திறக்கும் வேளையில், அந்த வாயை அவருடைய மைத்துனர் திறப்பார். செக்கச்சிவந்த அந்த வளைவுக்குள் இருவர் கண்களும் சந்திக்கும். உடனே இருவரும், சூடு பதமாக இருக்கிறதா என்று பார்க்க மட்டுமே குனிந்தவர்கள்போல முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தக் கணத்தில் தாம் வாடிப்போனவராக மைத்துனர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதே ரொட்டிக்காரரின் கவலை. மைத்துனரும் சளைத்தவரல்லர். அவர் தண்ணீர் தொட்டு முடியைப் படிய வைத்திருப்பது இந்தப் பக்கத்திலிருந்தே தெரியும்.

இருவரும் பேசிக்கொள்வதில்லை. கோபம் ஒரு காரணம். அடுப்பின் இரண்டு வாய்களும் இரண்டு நாடுகளில் இருந்தன என்பது மற்றொரு காரணம். அந்த இரண்டாவது காரணத்தை உண்டாக்கியதும் அந்தக் கோபம்தான்.

அடுப்பைக் கட்டியவர் ரொட்டிக்காரரின் மாமனார். வீடு நீளமானது. முன்புறம் தெருவைப் பார்த்த கடை, பின்புறம் மாவு பிசையும் கூடம், இரண்டுக்கும் இடையில் செங்கல் குகைபோல நீண்டு கிடந்தது அடுப்பு. பின்வாயில் பச்சை மாவு வைத்த தட்டைத் தள்ளினால், அது தனக்கு முன்னால் நிற்கும் தட்டை முட்டும். அந்தத் தட்டு அடுத்ததை முட்டும். இப்படி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, வரிசையில் நிற்கும் மனிதர்களைப்போலத் தட்டுகள் நகர்ந்து நகர்ந்து, முன்வாயில் வெளிப்படும்போது ரொட்டி பொன்னிறமாக வெந்திருக்கும். மகன் பின்னால் நின்று தள்ளுவார். மருமகன் முன்னால் நின்று எடுத்து விற்பார். மாமனார் நடுவில் நாற்காலி போட்டு அமர்ந்து இருவரையும் திட்டுவார். வியாபாரம் அமோகமாக நடந்தது.

கடைசி நோயில் தம் பேச்சு நின்றுபோவதற்கு முன் மாமனார் எல்லோரையும் அழைத்துத் தெளிவாகவே சொல்லிவிட்டார். வீடு மகனுக்கு. மகளும் மருமகனும் முன்கட்டில் விரும்பும்வரை குடியிருந்து கடை நடத்தலாம். அவர்களை எழுந்திரு என்று ஒருவரும் சொல்லக் கூடாது.

ஒருவரும் சொல்லவில்லை. மாமனார் மறைந்து சில மாதங்கள் கழித்து, ரொட்டிக்காரர் சவரக்கடை நாற்காலியில் அமர்ந்திருந்தபோது, சவரக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே விளையாட்டாக ஒரு வார்த்தை விட்டார்.

"வீட்டோட மாப்பிள்ளைக்கு என்னங்க குறை? மாமனார் வீட்டு அடுப்பு, மச்சான் வீட்டு மாவு. கொடுத்து வெச்ச மகராசன்!"

ரொட்டிக்காரர் சோப்பு நுரையோடு எழுந்துவிட்டார். ஒரு கன்னம் வழவழப்பாகவும் மறு கன்னம் முள்ளாகவும் வீட்டுக்குள் நுழைந்தவர், மைத்துனரைப் பார்த்து இடிபோல முழங்கினார்.

"பாதி வீடு என்னுது. மாமா என்கிட்ட தனியாச் சொல்லியிருக்கார்!"

"எப்பச் சொன்னார்?"

"கடைசி நாள்ல. நீங்க தண்ணி எடுக்கப் போனீங்களே, அப்ப."

அது பொய். சொன்னவருக்கு அது தெரியும். மைத்துனர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவருடைய தங்கை, ரொட்டிக்காரரின் மனைவி, இருவருக்கும் நடுவில் வந்து நின்று, அழுவதற்குத் தயாரான முகத்தோடு அவரைப் பார்த்தாள். மைத்துனர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் அளவுச்சங்கிலியோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. இரண்டு நாடுகளுக்கும் எல்லை குறிக்க வந்த அளவையாளர்கள் அவர்கள். அவர்கள் கையிலிருந்த வரைபடம் மடித்து மடித்து, மடிப்பு விழுந்த இடத்தில் கிழிந்து போயிருந்தது. கிழிந்த இடம் மிகச் சரியாக இந்தத் தெரு. வரைபடம் தெளிவில்லாத இடங்களில் அங்கே குடியிருப்பவர்கள் காட்டும் எல்லையை ஏற்றுக்கொள்ளலாம் என்பது இரு நாடுகளின் ஒப்பந்தம்.

"இங்க எல்லை எதுங்க?" என்று கேட்டார் தலைமை அளவையாளர்.

பாகம் பிரிக்க மச்சான் ஆளையே கூட்டிவந்துவிட்டார் என்று ரொட்டிக்காரர் நினைத்தார். பொய் சொன்னதுமன்றி அளவுகாரனையும் கையோடு அழைத்து வந்திருக்கிறாரே இந்த மாப்பிள்ளை என்று மைத்துனர் நினைத்தார்.

"அடுப்புக்கு நடு மத்தி!" என்றார் ரொட்டிக்காரர். "அந்தப் பக்கம் அவருது, இந்தப் பக்கம் என்னுது. ஒரு விரற்கடை விடமாட்டேன்."

"எடுத்துக்கட்டும்," என்றார் மைத்துனர். "ஆனா முன்கட்டு முற்றத்துல இருக்கிற எலுமிச்சை நான் வெச்சது. அந்த மரம் என்னுது. அதை யாரும் தொடக் கூடாது."

அளவையாளர்களுக்குக் கண்ணில் நீர் துளிர்த்தது. எல்லை நெடுகிலும் அவர்கள் சண்டையையே பார்த்து வந்திருந்தார்கள். இரு தரப்பாரும் ஒரே கோட்டை ஒரே மூச்சில் காட்டியது இந்த ஒரு வீட்டில்தான். இருவர் கையையும் குலுக்கினார்கள். அடுப்பின் பக்கச் சுவரை ஒட்டி வெள்ளைக் கல்லை நட்டார்கள். எலுமிச்சை மரத்தைச் சுற்றிச் சிறுகற்கள் பதித்தார்கள். முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் இடையிலிருந்த கதவைச் சாத்தி, இந்தப் பக்கம் ஒரு நாட்டின் அரக்கு முத்திரையையும் அந்தப் பக்கம் இன்னொரு நாட்டின் முத்திரையையும் வைத்தார்கள். வீட்டின் இரு முனைகளிலும் வெவ்வேறு கொடிகள் ஏறிய பிறகே இரு உறவினர்களுக்கும் நடந்தது என்னவென்று புரிந்தது. அப்போது ரொட்டிக்காரரின் மறு கன்னம் இன்னும் மழிக்கப்படாமலே இருந்தது.

இவ்வாறு, அண்ணன் வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவு இருந்த இடத்தில் இரண்டு அரசாங்கங்கள் வந்து அமர்ந்தன. முற்றத்து எலுமிச்சை மரம், அயல்நாட்டு மண்ணுக்கு நடுவே தனித்து நிற்கும் ஒரு குட்டிப் பிரதேசம் ஆயிற்று. அதைக் காக்க மைத்துனரின் நாடு ஒரு காவலரை அனுப்பியது. அவர் தம் பணியிடத்துக்கு வர, தொலைவிலிருந்த சோதனைச்சாவடியைச் சுற்றிக்கொண்டு, கடவுச்சீட்டில் முத்திரை வாங்கி, ரொட்டிக்கடை வழியாக நுழைந்து, மரத்தடியில் தாய்நாட்டை அடைவார். பழம் ஒன்று கல்லுக்கு வெளியே விழுந்தால் அவருக்கு நெஞ்சு படபடக்கும். ரொட்டிக்காரரின் மனைவி அதைப் பொறுக்கி அவர் மடியில் போடுவாள். மறுநாள் அவரே அதைப் பிழிந்து அவளுக்கும் ஒரு குவளை நீட்டுவார்.

அடுப்பு மட்டும் ஓயவில்லை. மைத்துனரின் நாட்டில் கோதுமை மாவு மலிவு. ரொட்டிக்காரரின் நாட்டில் சர்க்கரை மலிவு. பின்வாயில் தள்ளிய மாவு முன்வாயில் ரொட்டியாக வந்தது. இரவில் சூடு தணிந்த பிறகு திரும்பிப் போன காலித் தட்டுகளில் சர்க்கரைப் பொட்டலங்கள் இருந்தன. கொக்கியால் தட்டை ஒருமுறை தட்டினால் 'அனுப்பு', இருமுறை தட்டினால் 'நிறுத்து'. இதற்குப் பேச்சு தேவைப்படவில்லை. இதைக் கடத்தல் என்று அந்தக் குடும்பத்தில் யாரும் எண்ணியதில்லை. சமையல் என்றே எண்ணினார்கள்.

ஒவ்வொரு நாளும் முதல் தட்டின் மூலையில் சடைபோலப் பின்னிய சின்ன ரொட்டி ஒன்று வரும். அது விற்பனைக்கன்று. சிறுவயதில் தங்கைக்குச் சடை பின்னிவிட்ட அண்ணன் அவளுக்கு அனுப்புவது. ரொட்டிக்காரர் அதை ஒன்றும் பேசாமல் எடுத்து மனைவியின் கையில் கொடுத்துவிடுவார். அவள் அதைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே அடுப்பு வாயில் குனிந்து, "அண்ணே, உப்பு கம்மி!" என்று கத்துவாள். அந்தப் பக்கத்திலிருந்து, "உனக்கு நாக்கு நீளம்!" என்று பதில் வரும். அண்ணனும் தங்கையும் பார்த்துக்கொள்ள உலகத்தில் வேறு சன்னல் இல்லை.

நிலைமை இவ்வாறிருக்க, எல்லை முழுவதும் வேலி போடுவதென்று இரு அரசுகளும் முடிவு செய்தன. கம்பிச்சுருள்களையும் இரும்புத் தூண்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வேலி மேஸ்திரி வந்தார். காடு மேடெல்லாம் நேராக ஓடி வந்த அவருடைய கயிறு, ரொட்டிக்கடைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. கயிற்றின் நுனியைப் பிடித்தபடியே அவர் கடைக்குள் வந்தார்.

"அண்ணே, ஒரு தூண் நடணும். அடுப்பு நடுவுல குழி தோண்டிக்கட்டுமா?" என்று, ஒரு பன் கேட்கிற குரலில் கேட்டார்.

"அடுப்பு எரியுதுய்யா!"

"அணைஞ்சதும் தோண்டறேன்."

"இது அணையற அடுப்பு இல்லை. எங்க மாமனார் மூட்டின நெருப்பு."

"அப்ப என் தூண் வெந்துடுமே," என்று மேஸ்திரி உண்மையிலேயே வருத்தப்பட்டார். தூண்கள் அவர் பொறுப்பில் இருந்தன.

செய்தி மேலிடங்களுக்குப் போயிற்று. மேலிடங்கள் கூடிப் பேசி ஒரு நியாயம் கண்டன. அடுப்பு வழியாக எல்லையைத் தாண்டி முறைகேடாக எதுவும் போகவில்லையென்றால், வேலியைச் சற்று வளைத்துக்கொண்டு போகலாம். போகிறது என்றால், அடுப்பை இடித்துவிட வேண்டும். விசாரிப்பதற்கு இரு நாடுகளும் ஆளுக்கொரு சுங்க அதிகாரியை அனுப்பின. முன்வாயில் வந்து அமர்ந்தவர் தடித்த கண்ணாடி போட்டவர். பின்வாயில் அமர்ந்தவர் முறுக்கு மீசை வைத்தவர். இருவரும் குனிந்து, அடுப்பு வழியாக ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். கண்ணாடி காய்ந்து சுட்டது. மீசை லேசாகப் பொசுங்கியது.

"சார், என் குரல் கேக்குதா?" என்றார் மீசைக்காரர். "இங்கிருந்து உள்ள போறது மாவு. மாவு எங்க நாட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினா கடத்தல்."

"இங்க வெளிய வர்றது ரொட்டி," என்றார் கண்ணாடிக்காரர். "மாவு வந்தா நான் கேக்கமாட்டேன். ரொட்டி வந்தா வரி கட்டணும். கட்டலைன்னா அதுவும் கடத்தல்."

"அப்ப கோட்டைத் தாண்டும்போது அது மாவா, ரொட்டியா?"

"அதைத்தான் பாக்கணும். ஏங்க ரொட்டிக்காரரே, நீங்க என்ன சொல்றீங்க?"

ரொட்டிக்காரர் கையைப் பிசைந்தார். மாவு என்றால் மைத்துனர் மாட்டுவார். ரொட்டி என்றால் தாம் மாட்டுவார்.

"வேகுதுங்க," என்றார்.

"வேகுறது ஒரு சரக்கா? சுங்கத்துல அப்படி ஒரு இனமே இல்லை."

பரிசோதனை தொடங்கியது. தட்டுகளை நகர்த்தி, ஒரு தட்டைச் சரியாக வெள்ளைக் கல்லுக்கு நேராக நிறுத்தினார்கள். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு நீண்ட மரத்துடுப்பும் அந்தப் பக்கத்திலிருந்து இன்னொன்றும் நுழைந்து, அந்தத் தட்டிலிருந்து ஆளுக்கொரு ரொட்டியை எடுத்தன. இடையில் துடுப்புகள் மோதிக்கொண்டபோது, "மன்னிக்கணும், என் துடுப்பு உங்க நாட்டுக்குள்ள வந்துடுச்சு," என்று மீசைக்காரர் பண்போடு பின்வாங்கினார்.

கண்ணாடிக்காரர் ரொட்டியைப் பிட்டார். மேற்புறம் முறுகலாக உடைந்தது. உள்ளே விரல் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. எரிகிற விரலை வாயில் வைத்துக்கொண்டே அவர் அறிவித்தார்.

"தோல் ரொட்டி, சார். உள்ள மாவு."

"இங்கயும் அப்படித்தான்," என்றார் மீசைக்காரர். பிறகு இருவரும் ஒரே சமயத்தில் யோசித்தார்கள். ஒரே சமயத்தில் மலர்ந்தார்கள்.

"அப்ப தோலுக்கு நான் வரி போடலாம்!"

"உள்ள இருக்கிறதுக்கு நான் தடை போடலாம்!"

"உங்க வழக்கும் நிக்குது!"

"உங்களுதும் நிக்குது சார்! ரொம்பச் சந்தோஷம்!"

இரண்டு நாடுகளுக்கிடையே இவ்வளவு இணக்கம் அதற்கு முன் ஏற்பட்டதில்லை. இருவர் வழக்கும் வென்றது. தோற்றது அடுப்பு மட்டுமே. வெளியே காத்திருந்த வேலி மேஸ்திரி, கடப்பாரையைத் துடைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

ரொட்டிக்காரரின் மனைவி அதுவரை மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏன் சார், அடுப்பை இடிச்சுட்டா எங்க அண்ணன் மூஞ்சிய நான் எங்க பாக்குறது?"

"விண்ணப்பம் கொடுத்தா, சோதனைச்சாவடி வழியாப் போய்ப் பாக்கலாம்மா."

"பக்கத்து அறையில இருக்கிற மனுஷனைப் பாக்க நான் ஊரைச் சுத்தணுமா? அவரு தும்முனா எனக்கு இங்க கேக்குது சார்!"

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. அப்போது பின்வாயிலிருந்து மைத்துனரின் குரல் வந்தது. அவர் மீசைக்காரரிடம்தான் பேசினார். ஆனால் அடுப்பு எதையும் மறைப்பதில்லை.

"ஐயா, இடிச்சுத்தான் ஆகணும்னா என் பக்கத்துப் பாதிய மட்டும் இடிச்சுக்கங்க. கல்லுகிட்ட ஒரு சுவர் வெச்சு அடைச்சுட்டா, முன்பாதி தனி அடுப்பா எரியும். என் தங்கச்சி பொழைச்சுக்குவா."

"நீங்க என்ன செய்வீங்க?"

"நான் வேற எங்கயாவது மாவு பிசைஞ்சு பொழைச்சுக்கறேன். பிசையற கைக்கு எங்கயும் வேலை கிடைக்கும்."

ரொட்டிக்காரர் கையில் கொக்கியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். வீட்டை விட்டுக்கொடுத்தவர் இப்போது அடுப்பையும் விட்டுக்கொடுக்கிறார். ஒரு வார்த்தை சொன்னால் அடுப்பு தப்பும் என்பது ரொட்டிக்காரருக்குத் தெரியும். அதைச் சொன்னால் கடை தம்முடையதாக இராது, வீடு தம்முடையதாக இராது, தெரு முழுவதும் மீண்டும் அந்தப் பெயரால் அழைக்கும் என்பதும் தெரியும். அவர் தொண்டையைச் செருமினார். அடுப்பு வாயருகே மண்டியிட்டார்.

"மச்சான்," என்று கூப்பிட்டார்.

அந்தப் பக்கம் ஒரு துடுப்பு தரையில் விழும் ஓசை கேட்டது.

"மச்சான், நான்தான்."

"தெரியுது. மெதுவாப் பேசுங்க மாப்பிள்ளே. இங்க மாவு பொங்கிக்கிட்டு இருக்கு, சத்தம் போட்டா அமுங்கிடும்."

"மாமா என்கிட்டத் தனியா ஒண்ணும் சொல்லலை."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியுமா!"

"நான் தண்ணி எடுக்கப் போனப்ப அப்பாவுக்கு நாக்கே எழும்பலை. தண்ணி வேணும்னு கண்ணாலதான் காட்டுனார். அந்த நிலைமையில உங்களுக்குப் பாதி வீடு பேசிக் கொடுத்தாராக்கும்?"

"அப்ப ஏன் மச்சான் சும்மா இருந்தீங்க?"

"அவ நடுவுல வந்து நின்னா. அவ புருஷன் பொய்யன்னு அவ எதிர்லயே சொல்லச் சொல்றீங்களா? வீடுதானே, போகட்டும்னு விட்டேன். நாடு போகும்னு யாரு கண்டா?"

மனைவி இதைக் கேட்டு மெல்லத் திரும்பினாள். அவள் பார்வையைக் கண்டு கண்ணாடிக்காரர் தம் நாற்காலியைச் சற்று நகர்த்திக்கொண்டார்.

"எங்கப்பா சொன்னதுன்னு நானும் இத்தனை காலமா நம்பிக்கிட்டு இருக்கேனே! ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"என்னைய வீட்டோட மாப்பிள்ளைன்னு சொன்னாங்க."

"யாரு?"

"ஊருல."

"ஊருல யாரு?"

"சவரக்கடைக்காரர்," என்றார் ரொட்டிக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஒரு சவரக்காரர் சொன்னதுக்கா நாட்டை ரெண்டாக்குனீங்க?"

"கொஞ்சம் நிறுத்துங்கம்மா," என்று கண்ணாடிக்காரர் குறுக்கிட்டார். "குடும்பச் சண்டைய அப்புறமா வெச்சுக்கலாம். எங்களுக்கு வேலை இருக்கு."

"இது குடும்பச் சண்டை இல்லைங்க," என்றார் ரொட்டிக்காரர் எழுந்து நின்று. "இதுதான் உங்க எல்லை. அளவுகாரங்க வந்து கேட்டப்ப நான் பொய்யான இடத்தைக் காட்டிட்டேன். இந்த வீடு மொத்தமும் எங்க மச்சானுது. கடை, அடுப்பு, முற்றம் எல்லாம். வீட்டு எல்லை தெருவாசல்படி. அங்கதான் கல்லு இருந்திருக்கணும். குடியிருக்கிறவங்க காட்டுற இடம்தானே சட்டம்? இப்ப நிஜத்தைக் காட்டறேன். எழுதிக்கங்க."

கண்ணாடிக்காரர் ஒருமுறை தெருவாசலையும் ஒருமுறை அடுப்பையும் பார்த்தார்.

"யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் மெல்ல. "கல் நகர்ந்தா இந்தக் கடை அவங்க நாடு. நீங்க தெருவுல விக்கிற ஒவ்வொரு ரொட்டிக்கும் நான் படிக்குக் கீழ நின்னு வரி வாங்குவேன். சர்க்கரையும் சும்மா உள்ள போகாது. வீடும் உங்களுது இல்லை. நீங்க மறுபடியும்..." அவர் நாகரிகம் கருதி நிறுத்திக்கொண்டார்.

"ஆமாங்க. மறுபடியும் அதேதான்."

"எங்க நாடு ஒரு கடைய இழக்குதே சார்!" என்று கண்ணாடிக்காரர் அடுப்புக்குள் முறையிட்டார்.

"எங்க நாட்டுக்கு ஒரு கடை வருதே சார்," என்றார் மீசைக்காரர் ஆறுதலாக. "அதோட பாருங்க, இனிமே மாவு கோட்டைத் தாண்டாது. வெந்த ரொட்டிதான் தாண்டும். ரொட்டிக்கு எங்ககிட்டத் தடை இல்லை."

"வெந்த ரொட்டி," என்று கண்ணாடிக்காரர் அந்தச் சொல்லைச் சுவைத்துப் பார்த்தார். "முழுசா வெந்ததா? உள்ள பிசுபிசுப்பு இருக்காதே?"

"இருந்தா யாரும் வாங்கமாட்டாங்க சார்," என்றாள் மனைவி.

கண்ணாடிக்காரரின் முகம் தெளிந்தது. "நிலம் போனா அது நில அளவை இலாகாவோட தலைவலி. என் இலாகா ரொட்டி. கல்லை நகர்த்திக்கலாம்."

முற்றத்திலிருந்து எலுமிச்சைக் காவலர் பதறிக்கொண்டு வந்தார். முற்றமும் தம் நாடாகிவிட்டால், மரத்துக்கு எல்லை இராது. எல்லை இல்லாவிட்டால் தமக்கு வேலை இராது என்பதை அவர் கணக்கிட்டு முடித்திருந்தார்.

"அப்ப நான் எங்க உக்காருறது?" என்றார்.

"அங்கேயே உக்காருங்க அண்ணே," என்றாள் மனைவி. "நிழலு உங்களை என்ன கேக்கப் போகுது?"

இதற்குள் அவள் சமையலறைக்குப் போய் இரும்புக் கரண்டி ஒன்றை எடுத்து வந்திருந்தாள். ஒரே நாட்டுக்குள் இருக்கும் கதவுக்கு அயல்நாட்டு முத்திரை எதற்கு என்று யாரிடமும் கேட்காமல், காம்பால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். அரக்கு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்தப் பக்கத்திலும் அதே ஓசை கேட்டது. கதவு முனகிக்கொண்டு திறந்தது. அண்ணன் மாவுக்கையோடு நின்றார். அடுப்பு வழியாகப் பார்த்ததைவிட அவர் குட்டையாகவும் நரைத்தும் இருந்தார். தங்கை அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னண்ணே, இப்படி இளைச்சுட்டே!"

"நீ அனுப்புன சர்க்கரை அப்படி," என்றார் அண்ணன். அவருடைய மாவுக்கை அவள் தலையில் வெள்ளையாகப் படிந்தது.

ரொட்டிக்காரர் அவர்களிடம் வரவில்லை. அவர் மேஸ்திரியின் கையிலிருந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டு, அடுப்பின் பக்கச் சுவரை ஒட்டியிருந்த வெள்ளைக் கல்லைச் சுற்றித் தோண்டிக்கொண்டிருந்தார். கல்லை நகர்த்துவது எந்த இலாகாவின் வேலை என்று இரு அதிகாரிகளும் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. அவர்கள் முடிவு செய்வதற்குள் அவர் அதைப் பெயர்த்தெடுத்துத் தோளில் ஏற்றிவிட்டார். கனத்தில் முழங்கால்கள் தள்ளாடின. மேஸ்திரி கை கொடுக்க வந்தபோது தலையை அசைத்து மறுத்தார்.

தெருவில் கூட்டம் சேர்ந்திருந்தது. சவரக்காரர் கையில் சீப்போடு முன்வரிசையில் நின்றார்.

"என்னங்க இது, மாப்பிள்ளை கல்லைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டாரு?"

"வீட்டோட மாப்பிள்ளைதானே, வீட்டு வேலை செய்யறேன்," என்றார் ரொட்டிக்காரர் மூச்சு வாங்க. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இனிமே அது வேற நாடு."

சவரக்காரர் அவசரமாகத் தள்ளி நின்றார்.

வாசற்படியின் அருகில் கல்லை இறக்கி வைத்துவிட்டு ரொட்டிக்காரர் நிமிர்ந்தார். கடைக்குள், எத்தனையோ காலத்துக்குப் பிறகு முன்கட்டுக்கு வந்திருந்த மைத்துனர், ரொட்டிகள் அடுக்கிய பலகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். ரொட்டிக்காரர் அவரைக் கூப்பிட்டார்.

"மச்சான், இங்க வாங்க. போன தடவை நான் காட்டினேன். இந்தத் தடவை நீங்க காட்டுங்க. எங்க நடணும்?"

"எனக்கு எதுக்கு மாப்பிள்ளே? எங்கயாவது நடுங்க."

"அதெல்லாம் இல்லை. நீங்க சொல்ற இடத்துலதான் தோண்டுவேன். உங்க வீடு."

மைத்துனர் படியில் இறங்கி வந்தார். கல்லைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், வியர்த்து நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தார். படியின் ஓரத்திலிருந்து ஓர் அடி உள்ளே தள்ளிக் கையை நீட்டினார்.

"இங்க நடுங்க. படியில பாதிய விட்டுடுங்க. வரி வாங்க வர்ற மனுஷன் வெயில்ல நிக்காம உக்காரட்டும்."

"அது உங்க நாட்டு நிலம் மச்சான், விட்டுக்கொடுக்கறீங்களே?"

"ஒரு அடிதானே."

"விடமாட்டேன்," என்றார் ரொட்டிக்காரர், மண்ணில் கடப்பாரையை ஊன்றி. "ஒரு விரற்கடை விடமாட்டேன். உங்களுது உங்களுக்கு வந்து சேரணும்."

அவர் படியின் வெளியோரத்துக்கு நகர்ந்து, அங்கே குனிந்து தோண்டத் தொடங்கினார். மைத்துனர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் எதிரில் குந்தி, மாவு காய்ந்த கைகளால் குழியிலிருந்து மண்ணை அள்ளிப் போடலானார்.